நல்லம்மாளின் ரெடிமேட் டைரி

கிள்ளான்
9.11.1999

சிட்டு,

கோபத்தோடு எழுத உட்கார்ந்தாலும் கை இந்தப் பெயரைத்தான் எழுதுகிறது. சந்திரகலா என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஆபீஸ் பெண்ணுக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

உன் தம்பி கார்த்தி செத்ததிலிருந்து ஏழு மாதமாக உன் குரல் கேட்டால் போனை வைத்துவிடுகிறேன். இனியும் வைப்பேன். கடுதாசி பரவாயில்லை. நீ நடுவில் அழ முடியாது, நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம். நான் மூணாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால் மெல்பர்னில் யாரிடமாவது காட்டிச் சிரித்துக்கொள்.

உன் தீபாவளிப் பரிசு வந்தது. பண்டிகைக்கு முதல் நாள், பக்கத்து வீடுகளில் எல்லாம் எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்கிறது. நம் வீட்டில் இந்த வருஷம் ஏறக்கூடாது என்று உனக்குத் தெரியும். மறந்திருப்பாய். கதவைத் தட்டினான் ஒருத்தன், பிரிக்பீல்ட்ஸ் கம்ப்யூட்டர் கடையாம், பெயர் தம்புசாமி. கையில் ரிப்பன் கட்டிய அட்டை ஒன்று, லட்டுப் பெட்டி ஒன்று.

"ஆன்டி, ஹேப்பி தீபாவளி! மெல்பர்ன்ல இருந்து ஒங்க மக அனுப்பின கிஃப்ட்டு."

"எங்க வீட்ல தீபாவளி இல்ல தம்பி."

"ஏன் ஆன்டி, நீங்க கிறிஸ்டியனா?"

சிரித்துவிட்டேன் சிட்டு. ஏழு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அவன் பாவம், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு லட்டுப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். பிறகு நின்றபடியே விளக்கினான். இன்டர்நெட்டில் என் பேரில் ஒரு பக்கமாம். என் போட்டோ, என் டைரி, வந்து போகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு புத்தகம், எல்லாம் அதிலேயே இருக்கிறதாம்.

"ரெடிமேட் ஆன்டி. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் லா."

"டைரின்னா நான்தானேப்பா எழுதணும்?"

"எழுதியாச்சு ஆன்டி. நாலு நாளைக்கு ஒங்க மகளே எழுதிக் குடுத்துட்டாங்க."

கீழ்வீட்டு இந்திரா நேற்று என்னைக் கிள்ளான் டவுனில் ஒரு சைபர் கடைக்குக் கூட்டிப்போனாள். மாடியில் இருக்கிறது. ஏறி முடிக்கவே எனக்கு மூச்சு வாங்கியது. அவள் இங்கிலீஷைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். நான் என்னென்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

காலம் எல்லாக் காயத்தையும் ஆற்றும் என்று நான் எழுதியிருக்கிறேனாம். கையுறைக் கம்பெனியில் கை வெந்த காயமே எனக்கு இன்னும் ஆறவில்லை. மகன் போன பிறகு விளக்கில் அவன் முகத்தைப் பார்க்கிறேனாம். நம் வீட்டு விளக்கு நீ பார்த்ததுதான், அதில் கொசு வருகிறது. கடைசியில், "என் மகளால் வர முடியவில்லை, அவளை முழு மனதோடு மன்னித்துவிட்டேன்" என்று இருக்கிறது. இந்திரா அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மேலே படி என்றேன்.

தைக்கிறவளிடம் ஜாக்கெட் கொடுத்தால்கூட அளவு எடுப்பாள். நீ அளவெடுக்காமலே என் மனசைத் தைத்து அனுப்பிவிட்டாய்.

என் போட்டோ, அது சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்தது. நானும் கார்த்தியும் நிற்போமே, அதுதான். அவனை வெட்டிவிட்டார்கள். ஆனால் என் தோளில் அவன் கை மட்டும் இருக்கிறது. ஆளில்லாத கை. நீ அதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் சரி போ என்று விட்டுவிட்டாயா?

இன்னொன்று. எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, எண் தெரியும். கம்பெனியில் பெட்டி எண்ணுகிறவள் நான். கார்த்தி செத்த தேதி என்று 18.4.1999 போட்டிருக்கிறாய். அவன் செத்தது எட்டாம் தேதி. வியாழக்கிழமை. உன் பக்கத்தில் என் பிள்ளை பத்து நாள் கூடுதலாக உயிரோடு இருந்திருக்கிறான். அந்தப் பத்து நாளை எங்கே வைத்திருக்கிறாய்? எனக்கு அனுப்பி வை.

இதைப் பார்க்கச் சொல்லி மாமா வீடு, சுங்கை பூலோ சித்தி வீடு என்று எல்லாருக்கும் அட்டை போயிருக்கிறது. பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். யாரையும் எனக்குத் தெரியாது.

கடைசிப் பக்கத்தில் நீ சிவப்புச் சேலையில் கேக் முன்னால் நிற்கிறாய். பக்கத்தில் ஒரு பையன். யார் அது?

அம்மா


மெல்பர்ன்
17.11.1999

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்பெட்டி அருகிலேயே நின்று படித்தேன். ஏழு மாதம் கழித்து உங்கள் கையெழுத்து. எதிர்பார்த்த மாதிரியே இருந்தது.

நான் உங்களைக் காயப்படுத்த அதை அனுப்பவில்லை. இங்கே பலர் வீட்டில் வயதானவர்களுக்கு இப்படிச் செய்து கொடுக்கிறார்கள். துக்கத்தை எழுதினால் மனம் லேசாகும் என்கிறார்கள். உங்களுக்கு எழுத வராது என்பதால் தொடங்கி மட்டும் வைத்தேன். நான் எழுதியதில் எது பொய்? நீங்கள் ஒருநாள் என்னை மன்னிக்கத்தானே போகிறீர்கள்? கொஞ்சம் முன்னாலேயே எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

தேதி, கடைக்காரன் தவறு. ஒரு ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டான் போலிருக்கிறது. திருத்தச் சொல்கிறேன். அவர்களுக்கு வேலை அதிகம், நாளாகும். அதுவரை நீங்களோ இந்திரா அக்காவோ எதையும் தொட வேண்டாம். அட்டையில் இருக்கும் ரகசியச் சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

படத்தில் இருப்பவர் நாராயணன். கணக்காளர். குடும்பம் பிரிக்பீல்ட்ஸில். நல்ல மாதிரி. மே மாதம் இங்கே சின்னதாக நிச்சயம் செய்தோம். உங்களிடம் சொல்ல நான் எத்தனை தடவை போன் செய்தேன் என்று நீங்களே எண்ணியிருப்பீர்கள், உங்களுக்குத்தான் எண் தெரியுமே. கார்த்திக்கு வருஷம் முடிந்ததும், வைகாசியில் கல்யாணம். அப்பா இல்லை. நீங்கள்தான் மணையில் உட்கார்ந்து என்னைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். தாலி இழந்தவர் உட்காரலாமா என்றெல்லாம் பார்க்காமல், அது இல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்று அவர் அம்மா ராஜேஸ்வரி சொல்லிவிட்டார். பெற்றவள் பேசாத பெண்ணை எப்படி எடுப்பது என்று கேட்கிறார். உங்களைப் பார்க்க வருவார். என்ன கேட்டாலும் டைரியில் இருக்கிற மாதிரியே சொல்லுங்கள். அவர் அதைப் படித்து அழுதாராம்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் பரீட்சையில் எட்டு ஏ வாங்கிய அன்று, பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு என்றீர்கள். கார்த்தி ஃபெயிலான வருஷம் அவனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தந்தீர்கள். அதில் போய்த்தான் லோரியில் அடிபட்டான். யார் வாங்கித் தந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உங்கள் மகள்,
சந்திரகலா


கிள்ளான்
27.11.1999

சிட்டு,

கேட்டதில்லை என்று எழுதியே கேட்டுவிட்டாய். நல்லது. ஆமாம், நான்தான் வாங்கித் தந்தேன். தெலுக் பங்லிமா காராங் கம்பெனிக்குப் பஸ் இறங்கி நான் நடக்கிற தூரத்தைப் பார்த்து, அம்மாவை ஏற்றிப் போகிறேன் என்று கேட்டான். வாங்கித் தந்தேன். ஒன்பது நாள், பிழைத்துவிடுவான் என்று உனக்குப் போனில் சொல்லிக்கொண்டே, ஆஸ்பத்திரியில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, நீ எழுதியதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

உன் மாமியார் வந்தார்கள். பழம், வெற்றிலை ஒன்றும் இல்லாமல், துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி வெறும் கையோடு வந்தார்கள். முறை தெரிந்த பெண். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"கருமக்கிரியைக்கே வரணும்னு இருந்தேன் சம்பந்தி. ஒங்க மகதான், அம்மா யாரையும் பாக்க மாட்டேங்குறாங்க, வேணாம்னுச்சு."

"அப்படியா சொன்னா?"

"ஏப்ரல்ல நாங்க அங்க போயி மோதிரம் போட்டுட்டு வந்தோம். வந்து ஒரு வாரம் ஆகல, பிள்ள போயிட்டான்னு சேதி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. மோதிரம் போட்டதுக்கு அப்புறம்கிறதுனால சரி. முன்னாடி ஆயிருந்தா அந்த நிச்சயமே செல்லாது. எங்க வீட்ல தீட்டுன்னா தீட்டு. ஒரு வருஷம் தள்ளித்தான் பேசியிருப்போம்."

நான் எழுந்து டீ கலக்கப் போனேன். அடுப்பு முன்னால் நின்றபோதுதான் அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. கடைக்காரன் போட்ட ஒன்று.

டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். பிறகு கோப்பையைக் கழுவும்போதுதான் தெரிந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் முழுக்கக் குடித்தார்கள். உனக்கு இப்படி ஒரு மாமியாரா என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்தி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார்கள். படத்துக்குக் கீழே பிறந்த தேதியும் செத்த தேதியும் எழுதியிருக்கிறது. மாலை பெரிது, தேதியை மறைத்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கை நீட்டி மாலையைக் கொஞ்சம் ஒதுக்கினால் போதும். ஒதுக்கவில்லை. ஏன் ஒதுக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை சிட்டு. உனக்காகவா, அந்த அம்மாவுக்காகவா?

போகும்போது, "ஒங்க டைரியப் படிச்சேன். எவ்வளவு பெரிய மனசு ஒங்களுக்கு" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். நீ எழுதிக் கொடுத்த மனசு.

நீ மே மாதம் என்றாய். அவர்கள் ஏப்ரல் என்கிறார்கள். ஏப்ரலில் என்றைக்கு? நீயே எழுது.

அம்மா


மெல்பர்ன்
6.12.1999

அம்மா,

ஏப்ரல் பத்து.

இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தேதி கடைக்காரன் தவறு இல்லை. நான்தான் பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

நாராயணனின் அப்பாவும் அம்மாவும் அந்த வாரம்தான் இங்கே வந்து இறங்கியிருந்தார்கள். எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. வியாழக்கிழமை இரவு நீங்கள் போன் செய்தீர்கள். வரேம்மா, தம்பிய வச்சிருங்க என்று சொன்னேன். அது பொய் இல்லை. பெட்டியில் துணி எடுத்து வைத்தேன். அப்போது ஓட்டலிலிருந்து அவர் அம்மா கூப்பிட்டார், மோதிரம் போடும்போது கட்ட என்ன நிறத்தில் சேலை எடுக்கட்டும் என்று. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சிவப்பு என்றேன். போனை வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்த துணியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். விமானத்தில் இடம் இல்லை என்று எல்லாம் முடிந்த பிறகு போனில் உங்களிடம் சொன்னதுதான் பொய்.

எனக்கு முப்பத்தொரு வயது. இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து போனது உங்களுக்குத் தெரியும். அப்பா இல்லை, அம்மா கையுறைக் கம்பெனி, தம்பிக்கு நிலையான வேலை இல்லை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவர்கள் எண்ணவில்லை. ஒரு வருஷம் தள்ளியிருந்தால் எண்ணத் தொடங்கியிருப்பார்கள்.

பத்து நாள்தானேம்மா? எட்டாக இருந்தாலும் பதினெட்டாக இருந்தாலும் கார்த்தி திரும்பி வரப் போவதில்லை. எனக்கு அந்தப் பத்து நாள் வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தபோது எல்லாவற்றையும் அவன்தான் எடுத்துக்கொண்டான். செத்த பிறகு ஒரு பத்து நாளை எனக்குக் கொடுக்கட்டும்.

ஒன்றை மட்டும் நம்புங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் நான் மோதிரம் போட்டுக்கொண்டேன். தம்பி வீட்டில் கிடக்கும்போது நான் அதைச் செய்யவில்லை. அவ்வளவு கெட்டவள் இல்லை நான்.

வைகாசி வரைக்கும் அந்தத் தேதி அப்படியே இருக்கட்டும். பிறகு நானே மாற்றிவிடுகிறேன். காலில் விழுந்து கேட்கிறேன்.

சிட்டு


கிள்ளான்
14.12.1999

சிட்டு,

இந்தத் தடவை நீயே அந்தப் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாய். படித்தேன். அழாதே. உடம்பைப் பார்த்துக்கொள், கல்யாணப் பெண் இளைக்கக் கூடாது.

நான் ராஜேஸ்வரி அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். என் வாயிலிருந்து வராது. பயப்படாதே.

மனசுக்காக ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ அங்கே இருந்தபோது, தம்பியை இங்கே என்றைக்கு எடுத்தோம் என்று நினைத்திருந்தாய்? யாராவது உனக்குச் சொன்னார்களா? அதை மட்டும் எழுதி அனுப்பு. எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அம்மா


மெல்பர்ன்
21.12.1999

என் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கல்யாணப் பெண் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தையை உங்களிடமிருந்து கேட்க எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா? நாராயணனிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது, நான் வாசித்துக் காட்டினேன். மற்ற வரிகளை விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? வெள்ளிக்கிழமைதான் எடுத்திருப்பீர்கள். வியாழக்கிழமை போனான், அடுத்த நாள் வெள்ளி. அதற்கு அடுத்து சனி. சனிக்கிழமை நம் ஆட்கள் யாராவது எடுப்பார்களா? சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஒருவர் வெள்ளி மத்தியானம் இறந்து, பொழுது சாய்வதற்குள் அவசர அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. நான் வந்து சேராததைப் பார்த்ததும் வெள்ளி சாயந்தரத்துக்குள் தகனம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு அழுதேன். அவன் சாம்பலாகிவிட்டான், இனிமேல் அவனுக்கு நான் செய்ய ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் மோதிரம்.

இதுதான் உண்மை. சொன்ன பிறகு எனக்கும் பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது.

ஓர் ஆசை. உங்கள் கையால் ஒரு பிடி அட்சதை காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். கல்யாணம் வரைக்கும் சாமி படத்தின் கீழே வைத்துக்கொள்கிறேன். மணையில் உட்கார வருவீர்கள்தானே?

உங்கள் சிட்டு


கிள்ளான்
30.12.1999

சிட்டு,

நீ கணக்குப் போட்டது சரிதான். நம் ஆட்கள் சனிக்கிழமை எடுக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூச்சோங்கிலிருந்து உன் அய்யாவு மாமா வந்தார். வாசலில் பந்தல் போட்டாயிற்று, சடங்கு செய்யப் பண்டாரம் வந்தாயிற்று, குழி வெட்டியாயிற்று. குழி என்றுதான் எழுதுகிறேன். சாம்பல் என்று நீ எழுதியிருந்தாய். கல்யாணம் ஆகாத பிள்ளையை நாம் எரிக்க மாட்டோம். அதையும் நீ கேட்கவில்லை, எட்டு மாதமாகக் கேட்கவில்லை. தம்பி எங்கே இருக்கிறான் என்றே உனக்குத் தெரியாது.

மாமா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நல்லம்மா, இருட்டறதுக்குள்ள எடுத்துருவோம். நாளைக்குச் சனி. சனியில எடுத்தா அது தொணைக்கு ஆள் தேடும். வீட்ல இன்னும் உசுரு இருக்கு."

"என் மக வரேன்னு சொல்லியிருக்கா."

"வரலைன்னா?"

"வச்சிருங்கன்னு சொன்னா அண்ணே. வராதவ அப்படிச் சொல்லுவாளா?"

அவர் கத்தினார். பண்டாரம் கத்தினார். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, தம்பி கிடந்த பெட்டிப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னை நகர்த்த முடியவில்லை.

சனிக்கிழமைதான் எடுத்தோம் சிட்டு. பத்தாம் தேதி. உனக்காக.

இந்திரா உன் வீட்டுக்கு ஒன்பது தடவை போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஏரோப்பிளேனில் இருப்பாள், அதான் எடுக்கவில்லை என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். தெருவில் டாக்சி சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை பெட்டியில் ஐஸ் மாற்றினார்கள். மூன்றாவது தடவை ஐஸ் போட்டும் பிரயோஜனம் இல்லை. வாசனைக்கு ஊதுபத்தி கட்டுக்கட்டாகக் கொளுத்தினார்கள். பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, அழுகிற மாதிரி இருந்தார்கள். என் பிள்ளையை அந்த மாதிரி ஆகவிட்டேன். உன் வாய்ச்சொல்லை நம்பி.

துணைக்கு ஆள் தேடக்கூடாது என்று பெட்டியோடு ஒரு கோழியை உயிரோடு கட்டிவிட்டார்கள். அது லோரி ஏறும் வரைக்கும் கத்தியது. அவன் கடைசி யாத்திரையில் கூடப் போனது அதுதான். அக்கா போகவில்லை, கோழி போனது.

மாலை நாலே காலுக்குக் குழியில் இறக்கினார்களாம். மாமா வந்து சொன்னார்.

நான் உன்னைச் சோதிப்பதற்காகத்தான் அந்தக் கேள்வியை எழுதினேன். நிம்மதிக்கு இல்லை. உன் பக்கத்தைப் பார்த்த முதல் நாளே எனக்கு அந்தத் தேதி தெரியும். நீ கேக் வெட்டுகிற படத்தில், கீழ் மூலையில், காமிரா போட்ட சின்னச் சிவப்பு எண் இருக்கிறது. 99 4 10. எழுத்தாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எண்ணாகப் போய்விட்டது. உன் வாயால் வரட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். முதலில் கடைக்காரன் என்றாய். பிறகு மே என்றாய். பிறகு எல்லாம் முடிந்த பிறகு என்றாய். ஒவ்வொன்றாக உரித்தேன். எனக்கும் இந்தப் புத்தி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. நீ என் மகள்தான்.

நேற்று இந்திராவோடு அந்த மாடி ஏறினேன். அவளுக்கு இஷ்டம் இல்லை. "வேணாங்க்கா, கல்யாணம் ஆகப் போற பொண்ணு" என்றாள். "என் பேர்ல இருக்கிற டைரிதானே, நான் எழுதக்கூடாதா?" என்றேன். பூட்டுக்குக் கார்த்தி பெயரையே வைத்திருக்கிறாய். அந்த ஐந்தாறு எழுத்தை இந்திரா விரலைப் பிடித்துக்கொண்டு நானே தட்டினேன். திறந்துகொண்டது.

நீ எனக்காக எழுதிய நாலு நாளையும் அழித்தாயிற்று. விளக்கு இல்லை, காயம் இல்லை, மன்னிப்பு இல்லை. நான் சொல்லச் சொல்ல இந்திரா இங்கிலீஷில் அடித்தாள். இவ்வளவுதான்: என் மகன் கார்த்திகேசு 8.4.1999 அன்று செத்தான். அவன் அக்கா வருவாள் என்று இரண்டு நாள் வைத்திருந்தோம். 10.4.1999 மாலை நாலே கால் மணிக்குப் புதைத்தோம்.

உன் படத்தைத் தொடவில்லை. அழகாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும், மூலையில் இருக்கிற எண்ணோடு.

உன் மாமியாரிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று எழுதினேன். சொல்லவில்லை. போன்கூடப் பண்ணவில்லை. அந்தப் பக்கத்தின் அட்ரஸ் அவர்களிடம் இருக்கிறது. எல்லாருக்கும் அட்டை போட்டு அனுப்பியது நீதான்.

அட்சதை கேட்டாய். மஞ்சள் கலந்த அரிசி என்னிடம் இல்லை. ஒரு கிண்ணத்தில் வேறு அரிசி இருக்கிறது. அன்றைக்கு எல்லாரும் தம்பிக்கு வாய்க்கரிசி போட்டபோது, அக்கா பங்கு என்று ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்தேன். மூடியைப் போடுகிற நிமிஷம் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அலமாரியில் வைத்தேன். புழு வந்துவிட்டது, கொட்ட மனசு வரவில்லை. கவரில் மடித்து அனுப்பலாம் என்றிருந்தேன். ஆஸ்திரேலியாவுக்கு அரிசி அனுப்பினால் பிடித்துக்கொள்வார்கள் என்று போஸ்ட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். நீ வந்தால் எடுத்துக்கொள்.

மணையில் உட்கார வருவேனா என்று கேட்டிருந்தாய். ஒரு கேள்வி கேட்கிறேன். பதில் எழுது. எழுதினால் வருகிறேன், கல்யாணம் இருந்தால்.

அங்கே மணி நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று இந்திரா சொன்னாள். இங்கே நாலே கால் என்றால் அங்கே ஆறே கால், ஏப்ரலில் அங்கே ஆறு மணிக்கே இருட்டிவிடுமாம். நீ கத்தியோடு கேக் வெட்டுகிற படத்தில் உனக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது, ஜன்னலில் நல்ல வெயில் இருக்கிறது. அப்படியென்றால் அவன் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. இங்கே ஒவ்வொரு மணிக்கும் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. எப்போது ஐஸ் தீர்ந்தது, எப்போது குளிப்பாட்டினோம், எப்போது உன் பங்கு அரிசியைக் கையில் எடுத்தேன், எல்லாம் தெரியும். நீ சிரித்தது எந்த நேரம் என்று மட்டும் தெரிந்தால், அதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்ப்பேன். காமிரா நாளைப் போட்டிருக்கிறது, மணியைப் போடவில்லை.

அந்தக் கத்தியை நீ கையில் எடுத்தபோது மணி என்ன, சிட்டு?